ஒட்டகத்தை யார் பார்த்துக்கொண்டது

அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என் தோழிகள் மூன்று பேரும். அரை மணி நேரமாம். இவர்களுடைய அரை மணி நேரம் எனக்குத் தெரியாதா? ப்ராகில் கோட்டை வாசலில் காத்துக் கிடந்து தெரிந்துகொண்டேன். புடாபெஸ்டில் மூன்று பேரும் வெந்நீர்க் குளத்தில் ஊறிக்கொண்டிருந்தபோது வெளிப்படிக்கட்டில் விறைத்துப்போய்த் தெரிந்துகொண்டேன். இப்போது கொலோன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முகத்தில் இடிக்கிற மாதிரி நிற்கிறது சர்ச், எங்கள் ஊர்ப் பேச்சில் கோயில். அதன் சுவரோரமாக நான்கு முதுகுப்பைகள், பைகளுக்கு நடுவில் நான். மித்ராவின் சிவப்புப் பை, புலிவரி உறை போட்ட வனிதாவின் பை, ஒவ்வொரு ஜிப்புக்கும் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும் தௌலத்தின் பை, பிறகு என் பை. என் பைக்குள் ரைஸ் குக்கர் இருக்கிறது. ஆமாம், ஐரோப்பாவுக்கு ரைஸ் குக்கர். வெளியே சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது என்று தூக்கி வந்தோம், நான்கு பேருக்கும் பொதுவானது, ஆனால் முதுகு மட்டும் என்னுடையது. பருப்புப் பொடி டப்பாவும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் என்னிடம்தான், ஏனென்றால் நான்தான் கொட்டாமல் கொண்டுவருவேனாம். காற்று கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து சரியாக என் காதுக்குள் நுழைகிறது. நிமிர்ந்து பார்த்தேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம், உச்சி தெரியவில்லை. உச்சியை உச்சி ஏறுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு உள்ளே போகவேண்டும். உள்ளே போய் ஒரே ஒரு பெட்டியைப் பார்க்கவேண்டும். ரயிலுக்கு முன்னால் பார்க்கவேண்டும், அதன் பிறகு ஆம்ஸ்டர்டாம், அதன் பிறகு விமானம், அதன் பிறகு இந்த ஜென்மத்தில் யார் என்னை இங்கே கூட்டி வரப்போகிறார்கள்?

இந்த ஊரில் இறங்கவேண்டும் என்று கேட்டதே நான்தான், அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. மொத்தப் பயணத்திலும் நான் கேட்டது இது ஒன்று. திட்டம் போட்டவள் மித்ரா, கோயமுத்தூர்க்காரி, எதையும் பிசகாமல் போடுவாள். அவளிடம் மெதுவாகச் சொன்னேன், போகிற வழிதானே, கொலோனில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கலாமே என்று. "அங்க என்ன கண்ணு இருக்குது?" என்றாள். ஒரு கோயில் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருப்பேன், அவள் கேட்கவில்லை, சரி என்று போட்டுவிட்டாள். இன்று வாசலில் சிவப்பு அங்கி போட்ட காவல்காரர், நெடுநெடு என்று வளர்ந்த மனிதர், எங்கள் முதுகுப்பைகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். பெரிய பை உள்ளே வரக்கூடாது. ஸ்டேஷனில் பெட்டகம் இருக்கிறது, அங்கே வைத்துவிட்டு வாருங்கள் என்று அழகான இங்கிலீஷில் சொன்னார். நான்கு பைக்கு வாடகையா, இந்தக் கொஞ்ச நேரத்துக்கா என்று வனிதா இழுத்தாள். பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும், வாயைத் திறந்தது நான். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்." என் வாய்தான். எனக்கு முன்னால் அது முந்திக்கொண்டது. "நீ எவ்ளோ சர்ச் பாத்திருப்ப, உனக்கு என்ன புதுசா" என்று வனிதா என் தோளைத் தட்டினாள். தௌலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், பாவம் ஜெசி என்கிற அந்த முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. பாவம் என்று தெரிகிறதல்லவா, தெரிந்தால் நீ உட்காரேன்.

முறை வைத்து உட்காரலாம் என்றுதான் ஆரம்பித்தோம். ரோமில், முதல் நாள். முதல் முறை என்னுடையது, நான் உட்கார்ந்தேன். இரண்டாவது முறை வனிதாவுடையது. அவள் பைகளை ஒரு தூணில் சாய்த்துவிட்டு நீரூற்றைப் படமெடுக்கப் போனாள், திரும்பி வந்தபோது தௌலத்தின் பை வாய் பிளந்து கிடந்தது, உள்ளே இருந்த மருந்துப் பையைக் காணோம். மாத்திரையை எவன் திருடுவான், திருடிவிட்டான். தௌலத் அழுதாள், வனிதா அதைவிடச் சத்தமாக அழுதாள், மித்ரா இரண்டு பேரையும் தேற்றிவிட்டு, தீர்ப்புச் சொல்வதுபோல் சொன்னாள்: "ஜெசி உக்காந்திருந்தா இது நடந்திருக்குமா?" அன்றோடு முறை முடிந்தது. தப்புப் பண்ணியவளுக்கு விடுதலை, ஒழுங்காக இருந்தவளுக்குத் தண்டனை. இதைப் பாராட்டு என்று நினைத்து நான் சிரித்தேன் பார், அந்தச் சிரிப்பை இப்போது பிடித்து நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஐரோப்பா எல்லாம் நடைபாதைக் கற்கள்தான். வெனிஸ் கல் எப்போதும் ஈரம், வியன்னாவில் வழவழப்பு, ப்ராகில் சின்னச் சின்னச் சதுரம், உட்கார்ந்தால் தொடையில் அச்சு விழும். ஓவியம், ராணி படுத்த கட்டில், ராஜா குளித்த தொட்டி எதுவும் எனக்குத் தெரியாது. எந்த ஊரில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர்கள் திரும்பி வரும்போது கன்னமெல்லாம் சிவந்து, ஏதோ ஒரு நகைச்சுவையின் பாதியில் வருவார்கள், என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒண்ணும் பெருசா இல்லடி, நீ ஒண்ணும் மிஸ் பண்ணல" என்பார்கள். தௌலத் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை என் கையில் வைப்பாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காந்தம். பார்க்காத ஊர்களை எல்லாம் வரிசையாக ஒட்டிவைத்து, ஒவ்வொரு முறை தயிர் எடுக்கும்போதும் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

எங்கிருந்தோ ஓடிகொலோன் வாசனை. எதிர் வரிசையில் ஒரு கடை, கண்ணாடிக்குள் அடுக்கடுக்காகப் பாட்டில்கள், கதவு திறக்கும்போதெல்லாம் வாசனை வெளியே வந்து விழுகிறது. கொலோன். அட ஆமாம், இந்த ஊர்ப் பெயர்தான் அது. காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுகிற ஓடிகொலோன், செத்தவர்களுக்கு மேலே தெளிக்கிற ஓடிகொலோன், இவ்வளவு நாளும் அது ஒரு ஊர் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பாவின் சட்டையில் என் தம்பி ஒரு பாட்டிலை அப்படியே கவிழ்த்தான். போன நவம்பரில், தூத்துக்குடி வீட்டின் முன்னறையில், ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கவிழ்த்தான், கண்ணெல்லாம் எரிந்தது. வெளியே பேண்டு வாத்தியம் வந்து நின்றுவிட்டது, சாமியார் வந்துவிட்டார், தெரு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சனம். சாவு வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருடன் நுழைகிறான் என்று அந்த வருஷம் ஊரில் ஒரே பேச்சு. வந்திருந்த பெண்கள் எல்லாரும் கைப்பைகளையும் கழற்றிய நகைகளையும் உள்ளறைக் கட்டிலில் குவித்திருந்தார்கள். ரொசாலி அத்தை கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அப்பாவுக்கு உடன்பிறந்தவள், அழுது அழுது குரல் கட்டியிருந்தது, ஆனாலும் கண் சரியாக என் மேல் வந்து நின்றது. "ஏட்டி ஜெசி, நீ உள்ள இருந்துக்க. எல்லாரு சாமானும் கெடக்கு. நீ இருந்தா ஒரு துரும்பு அசையாதுன்னு உங்கப்பாவே சொல்லுவான்லா." எல்லாரும் கல்லறைக்குப் போனார்கள். மூன்றாவது வீட்டுக்காரர்கள் போனார்கள், அப்பாவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற சேவியர் மாமா போனார். நான் கட்டிலில் உட்கார்ந்து கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேண்டுச் சத்தம் தெருமுனை திரும்பி, பெரியகோயில் பக்கம் போய், அப்புறம் கேட்கவில்லை. பெற்ற தகப்பனைக் குழிக்குள் இறக்கும்போது ஒரு பிடி மண் போடாத மகள் நான். ஒரு துரும்பு அசையவில்லை, அத்தை சொன்னது சரிதான்.

அப்பாவின் பெயர் பல்தசார். தாத்தா தன் மூன்று மகன்களுக்கும் வரிசையாகப் பெயர் வைத்துவிட்டார், கஸ்பார், மெல்கியோர், பல்தசார். குழந்தை இயேசுவைத் தேடிப் போன மூன்று ராஜாக்கள். எங்கள் கடற்கரையில் இப்படி வீட்டுக்கு வீடு ராஜாக்கள் இருப்பார்கள், ஒருவர் வலை இழுப்பார், ஒருவர் டீக்கடை வைத்திருப்பார், எங்கள் வீட்டு ராஜா துறைமுகத்தில் டாலி கிளார்க், கப்பலில் ஏறுகிற இறங்குகிற மூட்டைகளுக்குக் காவல் நின்று கணக்கெடுக்கிற வேலை. கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜா பொம்மைகளையும் அப்பா முதலிலேயே வைத்துவிட மாட்டார். அலமாரிக்கு அடியில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் நகர்த்தி நகர்த்தி, ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாளன்றுதான் குடிலுக்குள் கொண்டு சேர்ப்பார். "கறுப்பு ராசா பாத்தியா, அதான் பல்தசாரு. நம்ம ஆளு," என்பார். துறைமுகத்துக்கு வந்த ஏதோ ஒரு ஜெர்மன் கப்பல்காரன் அவரிடம் சொல்லியிருக்கிறான், அந்த மூன்று ராஜாக்களின் எலும்பும் எங்கள் நாட்டில் கொலோன் கோயிலில் தங்கப் பெட்டிக்குள் இருக்கிறது என்று. அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எம் எலும்பு ஜெர்மனியில பத்திரமா இருக்கு," என்று சொல்லி அவரே சிரிப்பார். அந்தப் பெட்டியைத்தான் பார்க்கவேண்டும். மண் போடாத மகள் ஒரு பல்தசாரின் எலும்புக்கு முன்னாலாவது நின்றுவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான் கேட்டேன். நேற்றுச் சாப்பிடும்போது இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எங்கப்பா பேரு பல்தசார், தெரியுமா என்றேன். "என்னது, பல்தசாரா? பல்பொடி பேரு மாதிரி இருக்குடி!" என்று வனிதா சொன்னதும் மூன்று பேரும் சோற்றுத் தட்டோடு குலுங்கினார்கள். நானும் சிரித்தேன். அதுதான் தாங்கவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன். தௌலத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லு சொல்லு, அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் குக்கரைக் கழுவினேன்.

இந்த அம்மாளுக்கு என்ன வேண்டும்? நரைத்த தலை, முழங்கால் வரை கோட்டு, கையில் குட்டைக்கால் நாய். என் முன்னால் நின்று ஏதோ கேட்கிறாள். எதிரே ரொட்டிக் கடையைக் காட்டுகிறாள், நாயைக் காட்டுகிறாள், ஒரு விரலைத் தூக்குகிறாள். ஒரு நிமிஷம். நாயைப் பார்த்துக்கொள்ளவேண்டுமாம். இந்தச் சதுக்கத்தில் எத்தனை ஆட்கள் நிற்கிறார்கள், சீனர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிதார் வைத்துக்கொண்டு ஒருவன், அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேராக என்னிடம் வருகிறாள். என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா, எந்த மொழிக்காரியும் படிக்கிற மாதிரி? முடியாது என்று சொல். ஜெர்மனில் நைன் என்பார்கள், ஒரே ஒரு சொல், அதைச் சொல். கயிறு என் கைக்கு வந்துவிட்டது. அவள் போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. நாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மித்ராவின் சிவப்புப் பையில் முதுகைச் சாய்த்துக்கொண்டது. நன்றாகச் சாய்ந்துகொள். காலைத் தூக்கவேண்டும் என்றாலும் அங்கேயே தூக்கு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எவ்வளவு நேரம் ஆயிற்று? ஸ்டேஷன் கடிகாரம் இங்கிருந்து தெரிகிறது, தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் இப்போதே வந்தால்கூட எனக்கு உள்ளே ஓடிப்போய் ஓடிவர நேரம் இருக்கிறது. இப்போதே வந்தால். வரமாட்டார்கள். வனிதா ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு மாதிரி நின்று படம் எடுக்கவேண்டும். வரட்டும், வந்ததும் கத்தப்போகிறேன். பத்து வருஷமாக, சைதாப்பேட்டை விடுதியில் நான்கு பேரும் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து போடாத சத்தத்தை எல்லாம் சேர்த்துப் போடப்போகிறேன். அங்கேயும் நான்தானே சாவி வைத்திருந்தேன். ஊருக்குப் போனால் அவர்கள் பெட்டி, அவர்கள் செடி, தௌலத்தின் மீன்தொட்டி, எல்லாம் என் தலையில். என்னடி உங்களுக்கு நான் வேலைக்காரியா என்று கேட்கப்போகிறேன். அதற்கு மித்ரா என்ன சொல்வாள் என்றும் தெரியும். "நீதானே கண்ணு பாத்துக்கறேன்னே," என்பாள். அது உண்மை. அந்த அம்மாள் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, ஒரு முறுக்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். உப்புக் கரிக்கிறது, ஆனாலும் தின்கிறேன்.

உப்பு. வேளாங்கண்ணி மணலில் உட்கார்ந்து தின்ற சுண்டலும் இப்படித்தான் கரித்தது, காற்றில் உப்பு இருந்தது. எனக்கு எட்டு வயதா, ஒன்பதா, திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம், பெரியப்பா வீடு, அத்தை வீடு எல்லாரும். லாட்ஜில் இடமில்லை, இருந்தாலும் எடுக்க வசதியில்லை, மூட்டைகளை எல்லாம் கடற்கரையில் ஒரு படகு நிழலில் போட்டோம். பிள்ளைகள் எல்லாம் அலையைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடின, நானும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன், கால் நனையப்போகிற இடத்தில் அப்பாவின் குரல் வந்தது. "ஏட்டி ஜெசி, இங்கன வா. நீ சாமானப் பாத்துக்க. நாங்க ஒரு எட்டு கடல்ல எறங்கிட்டு வந்துருதோம்." நான் ஏன்? தம்பி இருந்தான், என்னைவிடப் பெரிய அக்காமார் இருந்தார்கள். நான் ஏன் என்று அன்று கேட்கவில்லை, இன்று கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஆள் இல்லை. திரும்பி வந்தபோது அவர் உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது, எல்லார் முன்னாலும் என் தலையில் ஈரக் கையை வைத்து, "எம் மவ இருந்தா ஒரு துரும்பு அசையாது," என்றார். எனக்கு வயிறெல்லாம் நிறைந்துவிட்டது. கடலை விட அது பெரிதாக இருந்தது, நான் என்ன கண்டேன், சின்னப் பிள்ளை. அடுத்த வருஷம் நானே போய் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன், யாரும் சொல்லவில்லை. அப்பா, நீர்தான். ரொசாலி அத்தை இல்லை, மித்ரா இல்லை, வனிதா பாவம் ஒரு மண்ணும் தெரியாதவள். என்னைத் தூக்கிச் சாமான் மேல் உட்காரவைத்தது நீர்தான், உட்காரவைத்துவிட்டு எழுந்திரு என்று ஒரு நாளும் சொல்லவில்லை, சொல்லாமலேயே பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டீர். உமக்காக நான் இங்கே உட்கார்ந்து வயிறெரிகிறேனே, எனக்குப் பைத்தியமா? உம்மை மண்ணில் இறக்குகிற நேரத்தில்கூட நீர் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் என்னை உள்ளறையில் பூட்டினார்கள்.

போன் அதிர்கிறது. எங்கள் நான்கு பேரின் வாட்ஸப் குழு, அதில் ஒரு படம். மூன்று பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள், பின்னால் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது. பெரிதாக்கிப் பார்க்கிறேன். தங்கம். அதன் ஒரு மூலை மட்டும் தெரிகிறது, மீதியை வனிதாவின் தலை மறைக்கிறது. அதற்குக் கீழே அவளே எழுதியிருக்கிறாள்: "பெட்டிக்குள்ள யாரோ மூணு ராஜாவோட எலும்பாம். கிட்டயே விடமாட்றாங்க. நீ ஒண்ணும் மிஸ் பண்ணலடி." சிரித்து அழுகிற முகங்கள் வரிசையாக. அடுத்து மித்ரா: "கோபுரத்துக்கு மேல ஏறிட்டு நேரா வந்தர்றோம் கண்ணு. ஐந்நூறு படிக்கு மேல இருக்குதாமா. ரயிலுக்குச் சரியா இருக்கும். பையப் பாத்துக்க." படித்தேன். மறுபடியும் படித்தேன். ரயிலுக்குச் சரியாக இருக்கும். யாருக்குச் சரியாக இருக்கும்? அவர்கள் இறங்கி வருவார்கள், நான் பையைத் தூக்கி முதுகில் மாட்டுவேன், தௌலத் ஒரு காந்தம் தருவாள், அதில் இந்தக் கோயில் இருக்கும், ஓடிப்போய் ரயில் ஏறுவோம். மூன்று பேர். தங்கப் பெட்டிக்கு முன்னால் மூன்று பேர் சிரிக்கிறார்கள். மூன்று ராஜாக்கள் குடிலுக்குள் போனார்களே, பொன் ஒருவர், தூபம் ஒருவர், வெள்ளைப்போளம் ஒருவர் என்று காணிக்கையோடு போய் முழங்கால் போட்டார்களே, அப்போது ஒட்டகத்தை யார் பார்த்துக்கொண்டது? அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒட்டகத்தை அப்படியே தெருவில் விட்டுவிட்டா போயிருப்பார்கள்? சாமான் இருந்திருக்குமே, பாலைவனம் தாண்ட மூட்டை முடிச்சு, பானை சட்டி இருந்திருக்குமே. எங்கள் வீட்டுக் குடிலில் ஒருவன் இருந்தான், இப்போது ஞாபகம் வருகிறது. மூக்கு உடைந்த சின்ன மண் பொம்மை, கையில் ஒட்டகத்தின் கயிறு. ஆறாம் தேதி ராஜாக்கள் உள்ளே போன பிறகும் அப்பா அவனை வெளியே வைக்கோலுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிறுத்திவிடுவார். அவனும் உள்ளே போகட்டுமே அப்பா என்று நான் ஒரு வருஷம் கேட்டிருக்கிறேன். "அவன் போயிட்டா ஒட்டகத்த யாரு பாப்பா?" என்றார். ராஜாக்களுக்கு வழி காட்டிய நட்சத்திரம் அவன் தலைக்கும் மேலேதானே வந்தது. அவனும் அதைப் பார்த்துக்கொண்டேதானே நடந்தான். பிள்ளை எப்படி இருந்தது என்று அவன் கேட்டபோது, திரும்பி வந்த ராஜாக்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, கால் மரத்துப்போயிருக்கிறது, நிற்கிறேன். பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருக்கிறது, அது போதும். நான்கு பைகளும் சுவரில் சாய்ந்து என்னைப் பார்க்கின்றன. தௌலத்தின் குட்டிப் பூட்டுகள். மித்ராவின் பையில் பக்கவாட்டு ஜிப் பாதி திறந்திருக்கிறது, அதை மட்டும் மூடிவிட்டுப் போகலாம், குனிகிறேன், இல்லை, மூடமாட்டேன். திறந்தே கிடக்கட்டும். யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாமா, கிதார்க்காரனிடம், நம் ஊர் பிளாட்பாரத்தில் சொல்வதுபோல, கொஞ்சம் பாத்துக்கோங்க தம்பி, இதோ வந்துடறேன் என்று. சொன்னால் அது விட்டதாகாது. ஒரு அடி வைத்தேன். முதுகில் ஏதோ பிடித்து இழுக்கிறது, பை இல்லாத முதுகு எனக்குப் பழக்கமில்லை. ஸ்டேஷனில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏதோ அறிவிக்கிறார்கள், கேட்பாரற்றுக் கிடக்கும் பையைப் போலீஸ் எடுத்துப்போய்விடும் என்று. எடுக்கட்டும். குண்டு என்று நினைத்து ஊரையே காலி பண்ணிவிட்டு, கயிறு கட்டி, கவசம் போட்ட ஆள் மெதுவாக வந்து திறந்து பார்க்கட்டும், உள்ளே ரைஸ் குக்கர். சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, நடந்துகொண்டே இருந்தேன். வாசலில் சிவப்பு அங்கிக்காரர் என் கைகளைப் பார்த்தார், காலி, தலையை அசைத்து வழிவிட்டார்.

உள்ளே இருட்டு, அப்புறம் இருட்டில்லை, உயரத்தில் கண்ணாடிகள் கலர் கலராக எரிகின்றன. எதையும் நின்று பார்க்க நேரமில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு, ஸாரி ஸாரி என்று தமிழில் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு, நேரே நடந்தேன், நடந்துகொண்டே பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சிவப்பு, புலிவரி, பூட்டு, குக்கர். இங்கே வந்தும் அதுதான் ஓடுகிறது, தலைக்குள் எவனோ உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பீடத்துக்குப் பின்னால், இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குள் இருந்தது பெட்டி. வனிதா சொன்னது சரி, கிட்டே விடவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சின்னக் கோயில் போல இருந்தது, தங்கத்தில் ஒரு வீடு. எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த பெட்டியின் அளவுகூட இருக்கும். அதன் முகப்பில் உருவங்கள் இருந்தன, எட்டி எட்டிப் பார்த்தேன், எது பல்தசார் என்று தெரியவில்லை, எல்லாரும் ஒரே தங்கமாக இருந்தார்கள். கயிறு பிடித்தவன் ஒருவனையும் காணோம். ஜெபமாலை சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்பா, மண் போட முடியவில்லை, மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லவேண்டும் என்று இத்தாலியிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், சில்லென்றிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப்போனாள். போன் இடுப்பில் அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது, நான் எடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்.

"அப்பா, பைய விட்டுட்டு வந்துட்டேன்."